ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன், கதையுங்கோ

ஸ்காபரோவில் வாழும் யாரோ ஒரு மச்சாளின் கொலஸ்ட்ரோல் கணக்கு இப்போது என்னிடம் 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் தரத்தில் இருக்கிறது. இடது காதுக்குச் சற்றுப் பின்னால், ஒரு முழத் தூரத்தில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அந்த இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையை நீட்டி வாங்கிவிடலாம்.

நான் பதியப் போனது ரயிலை. வெள்ளவத்தை மரைன் டிரைவில் கடலைப் பார்த்து நின்றால், வீதிக்கும் கடலுக்கும் நடுவே தண்டவாளம். பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் வலது காதால் வந்து இடது காதால் போகவேண்டும். ஒரு காதால் வாங்கி மறு காதால் விடுகிற நம் பரம்பரைத் திறமையைக் கருவியைக் கொண்டு செய்வதுதான் இந்தக் கலை. சனிக்கிழமை மாலை, கோட்டைப் பக்கமிருந்து ரயில் வந்தது. அதே கணத்தில் பின்னால் நின்ற ஐயா ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

கையில் அதிகம் காசில்லாதவர் சுற்றொலிப் பதிவைத் தொடங்குவது எப்படி என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். ரெக்கோடரை எங்கே வாங்குவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் அடிப்படை.

1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அடேர் என்பவர் ஓப்பரா மேடையில் வரிசையாக மைக்குகளை வைத்து, கண்காட்சிக்கு வந்தவர்களின் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனிக் குழல் கொடுத்தார். பாடகர் மேடையில் நடப்பது காதுக்குத் தெரிந்ததாம். இடப்பக்கச் சத்தம் இடக் காதுக்கு முதலில் போகிறது; வலக் காதுக்குப் போக அதிகபட்சம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைந்த நேரம் பிந்துகிறது. கூர்மையான ஒலிகளைத் தலை மறிக்கிறது. மேலா கீழா, முன்னா பின்னா என்பதைக் காது மடலின் மடிப்புகள் சொல்லிக் கொடுக்கின்றன. ஆகவே காது இருக்கிற இடத்தில் மைக்கை வைத்தால் வேலை முடிந்தது. ஜெர்மனியின் நொய்மான் நிறுவனம் இதற்கென்றே காதோடு ஒரு பொம்மைத் தலை செய்து விற்கிறது. விலை நம் காசில் இருபது இலட்சத்தைத் தாண்டும். நான் என் சொந்தத் தலையைப் பாவிக்கிறேன். அது வேறு எதற்கும் உதவியதில்லை என்பது வீட்டாரின் அபிப்பிராயம்.

காதுத் துவாரத்தின் வாசலில் இரண்டு குட்டி மைக்குகளைச் செருகி, வயரைச் சட்டைக்குள்ளால் விட்டு, ரெக்கோடரில் மாட்டவேண்டும். போனிலேயே பதியலாமே என்பீர்கள். போனின் ஹெட்செட் துளைக்குள் ஒரு மைக்குக்குத்தான் வழி. இரண்டு காதுக்குத் தனித்தனிப் பாதை அங்கே இல்லை. கடற்காற்றுக்கு மைக்கின் மேல் உரோமத் துணியும் வேண்டும். பிறகு அசையக்கூடாது. நீங்கள் தலையைத் திருப்பினால் கேட்பவரைச் சுற்றி முழு வெள்ளவத்தையும் திரும்பும். எச்சில் விழுங்கினால் அதுவும் பதியும். இப்படி இரண்டு காதிலும் கறுப்பு உரோமத்தோடு கடலை முறைத்தபடி விறைத்து நிற்கிறவனிடம் ஒரு அம்மா மிகுந்த கரிசனையோடு, “கழுத்துச் சுளுக்கோ தம்பி?” என்று கேட்டார். அதுவும் பதிவில் இருக்கிறது. வலப்பக்கம்.

சரி, ஐயாவிடம் வருவோம். போனைக் காதில் வைத்துக் கதைக்கிற பழக்கம் நம்மிடமிருந்து எப்போது ஒழிந்தது? இப்போதெல்லாம் கடிக்கப் போகிற பணிஸைப் போல வாய்க்கு முன்னால் படுக்கையாகப் பிடிக்கிறோம். “கேக்குதோ?” என்று தொடங்குகிறோம். “கேக்குது. உங்களுக்குக் கேக்குதோ?” “எங்களுக்குக் கேக்குது.” சந்தியில் நிற்பவர்களுக்கும் கேட்கிறது; அவர்களை ஒருவரும் விசாரிப்பதில்லை. அடுத்தது காலநிலை. அங்கே குளிரோ? குளிர்தான். இங்கே வெக்கை. இரண்டும் ஒவ்வொரு முறையும் புதுச்செய்தி. அதற்குப் பிறகு யார் செத்தது, யாருக்கு விசா சரிவந்தது, ஊர்க்காணிக்கு யார் கேட்கிறார்கள், என்ன விலைக்குக் கேட்கிறார்கள், கேட்கிறவர் யாருடைய மருமகன். வங்கிக் கணக்கு இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொல்லி, மறுமுனை அதைத் திருப்பிக் கத்திச் சரிபார்த்ததையும் கேட்டிருக்கிறேன். இவ்வளவும் பொதுவீதியில். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் “மகன் என்ன செய்யிறார்?” என்று கேட்டால் மட்டும் “ஏதோ செய்யிறான்” என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

குரலின் அளவு தூரத்தைப் பொறுத்தது என்பது இன்னொரு நம்பிக்கை. யாழ்ப்பாணத்துக்குச் சாதாரணக் குரல் போதும். சென்னைக்குக் கொஞ்சம் கூட்டவேண்டும். லண்டனுக்கு நெஞ்சிலிருந்து வரவேண்டும். ரொறன்ரோ என்றால் அடிவயிறு. வாட்ஸ்அப்பின் உதவி இல்லாமலே போய்ச் சேரும். வீடியோ கோல் என்றால் முகட்டு விசிறியையும் ஒரு நெற்றியையும் காட்டிக்கொண்டு, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் போன் ஊர்வலம் போகிறது. அந்த நேரம் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த பெடியனும் கனடாவுக்கு ஒரு வணக்கம் சொல்லியாகவேண்டும். “சரி, வைக்கிறன்” என்பது முடிவல்ல, இடைவேளை. அதற்குப் பிறகுதான் உண்மையான விசயம் வரும். மரைன் டிரைவ் ஐயா நான் கேட்கக் கேட்கப் பலதடவை “வைக்கிறன்” என்றார். மச்சாளின் கொலஸ்ட்ரோல் வந்ததே அதில் ஒன்றுக்குப் பிறகுதான்.

இதைப் படிக்கும் நீங்களும் செய்கிறீர்கள். என் வீட்டிலும் நடக்கிறது. என் அம்மாவின் கோல்களை மட்டும் தொகுத்தால் புலம்பெயர் வரலாற்றுக்கு ஒரு ஆவணக்காப்பகம் தேறும்.

ஆட்கள் எழும்பமுதல் பதியலாமே என்று கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவர் தன் மொட்டை மாடியைத் தந்தார். நல்ல இடம். விடியற்புறம் புனித லூசியாள் பேராலய மணி, துறைமுகப் பக்கம் ஒரு கப்பலின் ஊதல், தூரத்தில் பேத்தோவனைப் பாடிக்கொண்டு வருகிற சூன் பாண் ஓட்டோ. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலடியிலும் பதியச் சொன்னார். காதில் வயர், பையில் பற்றறி, பெட்டி என்று அந்த வாசலுக்கு நான் போகமாட்டேன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு அங்கே நிற்கிறவர்களைத் திடுக்கிடவைத்து ஒரு ஒலி எனக்கு வேண்டாம். மாடியே போதும் என்று நின்றேன். ஐந்து மணி. மணியோசை தொடங்கியது. கீழ் வீட்டு யன்னலிலிருந்து “கேக்குதோ?” என்றது.

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. இங்கே விடிய ஐந்து மணி என்றால் கோடைகால ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஏழரை. சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகக் கதைக்கிற நேரம். இங்கே மாலை ஆறு அங்கே காலை எட்டரை; லண்டனில் மதியம் கழிந்த நேரம். நடுவில் கிடைக்கிற இடைவெளியை சிட்னி பார்த்துக்கொள்ளும். உலகம் முழுக்கச் சிதறிய ஒரு இனத்துக்கு நிசப்த நேரம் என்று ஒன்று மிச்சமில்லை. மாடிவீடுகளில் ட்ரில் அடிக்கிறவர்களாவது ஞாயிற்றுக்கிழமை ஓய்கிறார்கள்.

எப்படியோ, மழை பெய்த ஒரு பின்னேரம், ஒருவரும் வெளியே வராத பொழுதில் ரயில் அகப்பட்டது. கடலும் மழையும் முன்னால், தண்டவாளம் வலமிருந்து இடம், தலைக்கு மேல் தகரத்தில் சொட்டு. மைக்குகளைச் சூட்கேசில் சொக்கலேற்றுக்கு நடுவே வைத்து அனுப்பிய ரொறன்ரோச் சித்தப்பாவுக்குத்தான் முதலில் அனுப்பினேன். “ஹெட்போன் போட்டுத்தான் கேக்கவேணும்” என்று எழுதினேன். இரண்டாம் முறையும் எழுதினேன். ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டு காதுக்கும் இரண்டு பக்கமும் கலந்து போய்விடும், பாடுபட்டதெல்லாம் பாழ் என்று விளக்கமும் எழுதினேன்.

கோல் வந்தது. “கேட்டனாங்கள் தம்பி. சித்தியும் கேட்டவ. ஸ்பீக்கரிலை போட்டனான்.”

“ஹெட்போன்…”

“ரயில் மாதிரித்தான் கிடக்கு. விசேசமா ஒண்டும் தெரியேல்லை. அந்த நாளையிலை இலங்கை வானொலியிலை சானாவின்ரை ‘லண்டன் கந்தையா’ கேட்டனாங்கள். ஒரே ஒரு றேடியோ. முழு ஒழுங்கைக்கும் வடிவாக் கேட்டது. அது சரி, அந்த ரெக்கோடர் அங்கை என்ன விலைக்கு வாங்கினனீ?”

சொன்னேன்.

“இஞ்சை அதிலை பாதி விலை. முதலே சொல்லியிருந்தால் வாற ஆளிட்டைக் குடுத்துவிட்டிருப்பன்.”

“பாதிகூட வராது” என்றார் சித்தி. மிகத் தெளிவாகக் கேட்டது. எந்தப் பக்கமிருந்து என்றுதான் தெரியவில்லை.