பொட்டிக்குள்ள என்ன இருக்கு?

கன்னிவாடியில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் இரண்டு பேர் யோசிப்பார்கள். ‘பொட்டி வண்டிக்காரர்’ என்றால் சின்னப் பையன்கூட வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவான். ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, செம்பட்டி என்று இந்த வட்டாரத்தில் எங்கே போனாலும் இந்த இனத்தில் ஒருவரைப் பார்க்கலாம். வயது நாற்பத்தைந்தைத் தொட்டிருக்கும். கொஞ்சம் தோட்டம் இருக்கும், திண்டுக்கல்லில் வாடகை வரும் கடை ஒன்று இருக்கும், மகன் கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படிப்பான். இருபத்திரண்டு வயதில் புல்லட் கேட்டபோது அப்பா முடியாது என்று சொல்லியிருப்பார். அந்தக் கடனைத்தான் இப்போது வட்டியும் முதலுமாகத் தனக்குத்தானே அடைத்துக்கொண்டிருக்கிறார்.

வண்டி ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650. 648 சிசி, இரண்டு சிலிண்டர், 47 குதிரைத்திறன், வெறும் வண்டியே 241 கிலோ. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து திருவொற்றியூரில் புல்லட்டைக் கட்ட ஆரம்பித்த கதையில் தொடங்கி, இந்த என்ஜினின் கிராங்க் 270 டிகிரியில் வைக்கப்பட்டிருப்பதால்தான் சத்தம் சீராக இல்லாமல் நெஞ்சுத் துடிப்பு மாதிரி விட்டு விட்டு வருகிறது என்பதுவரை, கேட்காமலேயே சொல்வார். கேட்டுவிட்டால் டீ ஆறிப்போகும்.

ஆனால் வண்டி பாதிதான். மீதிப் பாதி, பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தொங்கும் கறுப்புப் பெட்டிகள்.

முன்னால் உயரக் கண்ணாடி, சுற்றிலும் கிராஷ் கார்டு, திண்டுக்கல்லில் நின்று தைத்து வாங்கிய சீட்டு, எதிரே வரும் பஸ் டிரைவரையே கண் கூச வைக்கும் இரண்டு விளக்குகள் என்று எல்லாம் முடிந்தபிறகு கடைசியாக ஏறியவை அவை. மாட்டிய அன்று இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். அரை நூல் வித்தியாசம். அன்று இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு டீக்கடை முன்னால் வண்டி வந்து நிற்கும். பெஞ்சில் இருக்கும் பெரியவர் வாராவாரம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

“ஏப்பா, அந்தப் பொட்டிக்குள்ள என்னதான் இருக்கு?”

“டூரிங்குக்கு, பெரியப்பா.”

“அது சரி. உள்ள என்ன இருக்கு?”

“ரெயின் கோட்டு.”

பெரியவர் வானத்தைப் பார்ப்பார். போன வாரமும் பார்த்தார். அது வெளிறிப்போய் அப்படியேதான் இருக்கிறது.

இந்த மோகத்தின் ஊற்றுக்கண் அமெரிக்காவில். இருபக்கமும் பெட்டி வைத்த இந்த வகை வண்டிக்கு அங்கே ‘பேகர்’ என்று பெயர். வெள்ளைத்தாடித் தாத்தாக்கள் பாட்டியை ஏற்றிக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சுற்றுவதற்குச் செய்த வண்டியை, 2020 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லகூனா செக்கா பந்தயத்தளத்தில் இறக்கி, ‘கிங் ஆஃப் தி பேகர்ஸ்’ என்று பந்தயமே நடத்திவிட்டார்கள். ‘இந்தியன்’ கம்பெனியின் சேலஞ்சர் வண்டியில் டைலர் ஓஹாரா ஜெயித்தார். மறு ஆண்டு பட்டத்தை ஹார்லி-டேவிட்சனில் வந்த கைல் வைமன் கொண்டுபோனார். ஓட்டப்பந்தயக்காரன் கட்டைப்பையோடு ஓடுகிற மாதிரி, பெட்டியைக் கழற்றாமல்தான் ஓட்ட வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அந்த ஜோரில் 2024-ல் ஹார்லி கொண்டுவந்த சிவிஓ ரோடு கிளைடு எஸ்டி 1,977 சிசி, 127 குதிரைத்திறன். கன்னிவாடிக்காரர் அதன் வீடியோவைப் பேரன் பிறந்த வீடியோ மாதிரி எல்லோருக்கும் காட்டுகிறார்.

2020-ல் நடந்த அந்த முதல் பந்தயத்துக்கு முந்தைய மாதம்தான் ஹார்லி இந்தியாவில் நேரடி விற்பனையையும் ஆலையையும் நிறுத்துவதாக அறிவித்தது. எழவு வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு நம்மவர் இரண்டு நாள் திரிந்தார். பிறகு ஹீரோ கம்பெனி விற்பனையை ஏற்றுக்கொண்டது தெரிந்ததும் தெம்பாகிவிட்டார். வாங்கப் போகிறார் என்றில்லை. கடையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

வண்டியை முன்னால் ஓட்டுவதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. சங்கடம் பின்னால் எடுப்பதில். ஹோண்டாவின் கோல்டு விங்கில் ரிவர்ஸ் கியரே உண்டு. கன்னிவாடியில் அதன் பெயர் “தம்பி, கொஞ்சம் பின்னால தள்ளுப்பா.” சரிவான டீக்கடை வாசலில் இரண்டு பையன்கள் இல்லாமல் இந்த வண்டி திரும்பாது. ஆளுக்கொரு வடை கணக்கில் எழுதப்படும்.

அடுத்தது வீட்டம்மா. பெட்டி தொங்கும் வண்டியில் புடவையோடு ஒரு பக்கமாக உட்கார முடியாது, கால் வைக்க வேண்டிய இடத்தில் பெட்டி. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரலாம்தான், ஆனால் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு யார் அப்படிப் போய் இறங்குவது? அந்த அம்மா டவுன் பஸ்ஸில் போகிறார். 2021 முதல் பெண்களுக்கு அதில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. பெரும்பாலும் அவர்தான் முதலில் போய்ச் சேர்கிறார், ஏனென்றால் இவர் ரெட்டியார்சத்திரத்தில் வண்டியை நிறுத்தி, யாரோ கேட்ட கிராங்க் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

சட்டம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. இருசக்கர வண்டியில் வைக்கும் பெட்டி 550 மில்லிமீட்டர் நீளம், 510 அகலம், 500 உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2020-ல் மத்திய அரசு போட்ட விதியை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அந்த விதியால் அவர் பட்ட ஒரே அவமானம் முருங்கைக்காயால் வந்தது. தோட்டத்தில் நிற்பது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம்-1. காய் 65 சென்டிமீட்டருக்குக் குறையாது, பெட்டியோ அதைவிடக் குட்டை. ‘ரெண்டா ஒடிச்சுப் போடுங்களேன்’ என்று வீட்டில் சொன்னார்கள். ஒடித்த காயை எந்த வியாபாரி வாங்குவான்? கட்டு முழுவதும் கடைசியில் பக்கத்துத் தோட்டக்காரரின் டிவிஎஸ் எக்ஸெல்லில் சந்தைக்குப் போனது.

உண்மையைச் சொன்னால் இந்த மாவட்டத்தின் அசல் பேகர் அந்த எக்ஸெல்தான். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 என்று கிளம்பிய பரம்பரை, இன்றைக்கு 99.7 சிசி. பட்டறையில் இரும்புப் பட்டை வெட்டி, இரண்டு பக்கமும் கொக்கி பற்றவைத்து, பால் கேன் தொங்க ஒன்று, வெங்காய மூட்டை உட்கார ஒன்று, சின்னாளபட்டிச் சேலை மூட்டைக்கு ஒன்று என்று ஆளுக்கொரு கஸ்டம். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் ட்யூப். அதை ஓட்டுகிறவருக்குத் தன் வண்டி கஸ்டம் என்பது தெரியாது. தெரிந்தால் விலை ஏற்றிவிடுவார்.

பெட்டிக்காரரின் கனவு லடாக். திண்டுக்கல் பைபாஸில் ஓடும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை அப்படியே ஸ்ரீநகரில்தான் போய் முடிகிறது என்பதால், ஏறிவிட்டால் வழி கேட்க வேண்டாம் என்பார். மூன்று வருடமாக ஏறப்போகிறார். முதல் வருடம் மக்காச்சோள அறுப்பு, இரண்டாம் வருடம் மச்சினன் கல்யாணம், போன வருடம் கிணற்று மோட்டார். பெட்டிகள் மட்டும் எப்போதும் தயாராக இருக்கும். இறக்குமதிப் பூட்டை நம்பாத மாமனார், மேலே ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். புவிசார் குறியீடு வாங்கிய பூட்டுக்குள் ஒரு ரெயின் கோட்டு பத்திரமாக இருக்கிறது.

இதைப் பரிகாசம் செய்வது சுலபம். ஆனால் தருமத்துப்பட்டி தாண்டிப் பன்றிமலைக்கு ஏறும் சாலையில், விடிந்தும் விடியாத நேரத்தில், அந்த வண்டி கியர் மாற்றாமல் முக்கி எழுந்து வளைவைப் பிடிக்கும்போது பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். கடனும் கிணற்று மோட்டாரும் கீழே கன்னிவாடியில் புள்ளியாகத் தெரியும்.

போன மாதம் அப்படி ஆடலூர்வரை போனவர், திரும்பும்போது மலைவாழைப்பழம் நான்கு சீப்பு வாங்கினார். விருப்பாச்சிப் பழத்தின் வாசனைக்கு மயங்காத திண்டுக்கல்காரர் யார்? பெட்டிக்கு இரண்டாக வைத்துப் பூட்டினார். முதல்முறையாக இரண்டும் நிறைந்தன. வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு, பெட்டிக்கு அடியில் கொதிக்கும் இரட்டைச் சைலன்சர், நடுவில் அரை மணி நேரம் செல்ஃபி.

டீக்கடையில் பெரியவர் வழக்கம்போல் கேட்டார். இந்தமுறை அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு சாவியையும் எடுத்து, கூட்டம் கூடும்வரை காத்திருந்து, நிதானமாகத் திறந்தார். ரெயின் கோட்டு முழுக்கப் பஞ்சாமிர்தம்.

பெரியவர் விரலை விட்டுத் துழாவி, உருப்படியாக இருந்த ஒரே பழத்தை எடுத்து உரித்து வாயில் போட்டார்.

“பழம் நல்லாத்தான்ப்பா இருக்கு. இன்னொரு பொட்டியவும் தொற.”