தாத்தா டிரில்லுக்கு ஒப்பனை

கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட மின் டிரில்லுக்கு பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1917-இல். அப்போது அதன் வேலை துளை போடுவது. இப்போது அந்தக் குலத்து முதியவர்களுக்கு ஒரே வேலைதான்: கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருப்பது.

உட்காருமுன் சேகரிப்பாளர்கள் கையால் ஒப்பனை நடக்கும். பழைய பெயின்ட்டைச் சுரண்டுவார்கள், பிரைமர் அடிப்பார்கள், அசல் நிறம் கடல்பச்சையா பாசிப்பச்சையா என்று வாரக்கணக்கில் வாதாடுவார்கள். அந்தக் காலத்து டிரில்கள் பலவற்றின் உடல் பெயின்ட்டே காணாத, மெருகேற்றிய அலுமினியம் என்பது வேறு விஷயம். சரி, பழைய டிரில்லின் திருகுகளைக் கழற்ற என்ன கருவி? புதிதாக வாங்கிய பேட்டரி டிரில்தான்!

உள்ளே எட்டிப் பார்த்தால் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகியிருக்கும். கியர் பெட்டியில் கிரீஸ் இறுகிக் கிடக்கும். ரப்பர் உறை வெடித்த வயரும், எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கும் ‘அசல்’ என்ற பெருமையோடு காப்பாற்றப்படும். உலோக உடலுக்குள் இன்சுலேஷன் நொறுங்கினால், மின்சாரம் முதலில் நலம் விசாரிப்பது பிடித்திருக்கும் கையைத்தான். பெயின்ட் எத்தனை கோட்டிங் என்று அது கேட்காது.

ஆகவே அன்பர்களே, முதலில் வயரை மாற்றுங்கள். உடலை எர்த்தோடு இணைத்து மூன்று பின் பிளக் போடுங்கள். விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இன்சுலேஷனைச் சோதித்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் பெயின்ட் வாங்கலாம். மிச்சமில்லையென்றால் கறையோடே ஓடட்டும். சுவர் கேட்பது துளையைத்தான், நிறத்தை அல்ல.