கிட்டப் போ ராசா, வெடிக்காது!

வா பேராண்டி. மூஞ்சியே சொல்லுது, லினக்ஸை அழிச்சுட்டு மறுபடி ஏத்தப் போறே. ஏத்து, ஏத்து. உனக்கு வேற சோலி ஏது?

நம்ம பட்டாசு ஊரு விஸ்வநத்தத்துல, வெடிக்காத வெடிகிட்டப் போகாதேன்னு பிள்ளைகளைச் சொல்லி வளர்க்கோம். நீ சத்தம் வராத யுஎஸ்பி சவுண்டு கார்டுக்கும் அதே புத்தியை வச்சுக்கிட்டே. கிட்டப் போய்ப் பாரு ராசா.

லைட்டு எரியுது, அதனால வயர் நல்ல வயருன்னியே, அடடா! யுஎஸ்பி 2.0 வயருக்குள்ள கம்பி நாலு. ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு தகவலுக்கு. சார்ஜ் ஏத்துறதுக்குன்னே விக்கிற மலிவு வயர்ல தகவல் கம்பி ரெண்டும் இருக்காது. லைட்டு ஜெகஜோதியா எரியும். சாமான் வந்ததே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டெர்மினல்ல எல்எஸ்யுஎஸ்பின்னு அடி. பட்டியல்ல பேரு இல்லைன்னா வயரை மாத்து, ஹப்பைப் பிடுங்கிட்டு நேரா மெஷின்ல சொருகு. கெர்னல் செய்தி காட்டுற டிஎம்இஎஸ்ஜி-ல எர்ரர் மைனஸ் 71ன்னு வந்தாலும் முதல் வைத்தியம் இதுதான். இதுக்கு லினக்ஸை ஏன் வையுறே?

லினக்ஸ்னதும் ஞாபகம் வருது. 2011ல தமிழ்நாடு அரசு குடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்புல விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸும் வந்துச்சு, சென்னை சி-டாக் ஆளுக செஞ்சது. உங்க அக்கா அதைத் திறந்தே பாக்கலையே! திறந்திருந்தா இன்னைக்கு உனக்கு வாத்தியார் வீட்டுக்குள்ளயே இருந்திருப்பா.

சரி, எல்எஸ்யுஎஸ்பி பட்டியல்ல பேரு இருக்கா? ஏபிளே போட்டு, இடம் விட்டு, ஹைபன் எல் அடி. கூத்தே இங்கதான். பல மெஷின்ல எச்டிஎம்ஐ 0ஆம் நம்பர் கார்டா சட்டமா உக்காந்திருக்கும், உன் யுஎஸ்பி அதுக்குப் பின்னால. நீ போட்ட பாட்டு, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குள்ள ஜோரா ஓடிக்கிட்டிருக்கு! செட்டிங்ஸ்ல அவுட்புட்டை மாத்து.

அப்பவும் ஊமையா? அல்சாமிக்சரைத் திற, எஃப்6 அமுக்கி உன் கார்டைப் பிடி. கீழ எம்எம்னு இருந்தா, மியூட்டுல கிடக்குன்னு அர்த்தம். எம் தட்டு, ஓஓ ஆயிரும். சத்தத்தைக் கொண்டுபோற பைப்வயர் முரண்டு பண்ணினா அதை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணு. சூடோ போட்டுறாதே, அது உன் கணக்குல ஓடுறது, ரூட்டுக்கு அதுல சோலி இல்லை.

சத்தம் வாறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் 100க்கு ஏத்தி வச்சிருப்பியே, இறக்கிட்டு ஹெட்செட்டை மாட்டு. வெடிக்கு 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல்னு 1999லேயே மத்திய அரசு வரம்பு வச்சிருச்சு. உன் காதுக்கு நீதான் வைக்கணும்.