சிரிக்காமல் ஊத வேண்டும்

டிரம்பெட் ஊதுகிறவரால் சிரிக்க முடியாது. சபை மரியாதை காரணமில்லை. உதடு இடம் கொடுக்காது. காற்றை விட்டால் சத்தம் வந்துவிடும் என்று நம்பி அதை ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் வெறும் காற்றுதான் போகும். இரண்டு உதட்டையும் சேர்த்து இறுக்கி, குழந்தைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது செய்வார்களே, அந்த ‘பிர்ர்’ரைச் செய்ய வேண்டும். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான பித்தளைக் குழாயைச் சுருட்டி வைத்திருப்பதெல்லாம், அந்த அநாகரிகமான சத்தத்துக்குக் கோட்டு மாட்டி வெளியே அனுப்பத்தான். கடைவாயில் ஒரு நூல் சிரிப்பு விரிந்தாலும் சுரம் உடைந்துவிடும்.

இதை நான் ஒன்பதாம் வகுப்பில், ஒரு ஜனவரி 26 அன்று கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூட பேண்டில் எனக்கு மூன்றாவது டிரம்பெட். மூன்றாவது என்றால், முதல் இரண்டு பேரும் சரியாக ஊதினால் என் சத்தம் வெளியே கேட்காது என்று அர்த்தம். சிறப்பு விருந்தினர் கொடிக் கயிற்றை இழுத்தார். முடிச்சு அவிழவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். ஒரே ஒரு செவ்வந்தி விழுந்தது. அப்புறம் தம் கட்டி இழுத்தாரே ஒரு இழுப்பு, அதில் உள்ளே மடித்து வைத்திருந்த பூ அத்தனையும், தாங்கிப் பிடித்திருந்த காகிதத்தோடு, பொத்தென்று அவர் வழுக்கைத் தலையில் வந்து உட்கார்ந்தது. கொடி மட்டும் அசையவில்லை. தலைமையாசிரியர் சல்யூட் வைத்த கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து டிரில் மாஸ்டர் எங்களுக்குக் கையசைத்தார்.

முதல் இரண்டு டிரம்பெட்டும் ஊதவே இல்லை, அவர்கள் புத்திசாலிகள். என்னுடையதிலிருந்து மட்டும், சேற்றில் மாட்டிக்கொண்ட எருமை அம்மாவைக் கூப்பிடுவது போல ஒரு சத்தம் கிளம்பி, மைதானத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. மறுநாளே டிரம்பெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஜால்ராவைக் கொடுத்துவிட்டார்கள். ஜால்ரா போடுகிறவன் தாராளமாகச் சிரிக்கலாம். (பிற்காலத்தில் ஆபீஸிலும் அதையே போட்டு, சிரித்த முகத்தோடு மூன்று பிரமோஷன் வாங்கினேன் என்பது வேறு கதை.)

ஆகவே பித்தளை வாத்தியத்தை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே நகைச்சுவை செய்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஜெரார்ட் ஹாஃப்னுங் என்று ஒரு கார்ட்டூனிஸ்ட் லண்டனில் இருந்தார். ட்யூபா வாசிப்பவரும்கூட. அவர் 1956இல் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒரு கோணங்கிக் கச்சேரி நடத்தினார். அதில் டென்னிஸ் பிரெயின், அந்தக் காலத்தில் ஹார்ன் வாசிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை, செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் வாயை வைத்து மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட் மொசார்ட் எழுதியதை வாசித்தார். உதடு படிந்துவிட்டால் பித்தளையானால் என்ன, ரப்பரானால் என்ன! அரங்கத்தில் அன்றைக்குச் சிரிக்க முடியாத ஒரே ஆள் அவராகத்தான் இருந்திருப்பார்.

போன மாதம் ஜெர்மனியில் இருக்கும் மகள் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். ‘ம்னோசில் பிராஸ்.’ சொல்லிப் பார்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். வியன்னாவில் சங்கீதக் கல்லூரிக்கு எதிரே யோசெஃப் ம்னோசில் என்பவர் சாப்பாடும் பீரும் விற்கிற கடை வைத்திருந்தார். அங்கே கூடி ஊதிக்கொண்டிருந்த பையன்கள் 1992இல் குழுவாகச் சேர்ந்து, கடைக்காரர் பெயரையே வைத்துக்கொண்டுவிட்டார்கள். நம் ஊரில் ‘முனியாண்டி விலாஸ் இசைக்குழு’ என்று வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன், ஒரு ட்யூபா, ஆக ஏழு பேர். குயின் குழுவின் போஹீமியன் ராப்சடியை வெறும் பித்தளையிலேயே கட்டி எழுப்புகிறார்கள். பால் அங்காவின் பழைய காதல் பாட்டு ஒன்றுக்கு லியோன்ஹார்ட் பால் என்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கும் காலுக்கும் ஆளுக்கொரு வாத்தியம் என்று பங்கு போட்டுக்கொண்டு வாசிக்கிறார். முகத்தைப் பார்த்தால் பாங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் மனைவி, “இதென்ன, உங்க அக்கா கல்யாணத்து பேண்டு செட்டு மாதிரியே இருக்கு?” என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தக் கதையை வருஷத்துக்கு நாலு முறை சொல்லியிருக்கிறேன்.

1981. மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் நாதஸ்வரம், பின்னால் பேண்டு, நடுவில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்தவர்கள், கடைசியில் திறந்த காரில் அத்தான். பேண்டுக்காரர்களுக்குச் சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைக் குஞ்சம், மார்பில் எந்த யுத்தத்தில் வாங்கியது என்று கேட்கக் கூடாத பித்தளை மெடல்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் ராணுவம் கலைந்து ரப்பர் செருப்பாகிவிடும்.

மாஸ்டர் டிரம்பெட்டில் முதலில் நாட்டை ராகத்தில் ‘மகாகணபதிம்’ எடுத்தார். டிரம்பெட்டுக்கு மூன்றே கட்டை. கமகம் என்பது அதற்கு வெளியூர் உறவு. சுரத்துக்குச் சுரம் அட்டென்ஷனில் நின்றது. பிள்ளையார் மார்ச் பண்ணிக்கொண்டு வந்தார். முன்னால் போன நாதஸ்வரக்காரர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

இப்போது நினைத்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தார். ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று கிட்டத்தட்ட 40 உருப்படிகள். சங்கராபரணத்தை ஒட்டி நேர்நேராக நடப்பவை. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டுகூட அவர் கையில் அம்பாளைத் துதிக்கப் போய்விட்டது. பேண்டிலிருந்து அவர் கடன் வாங்கினார். ‘மகாகணபதிம்’ அவருடைய கிருதி. எங்கள் தெருவில் பேண்டுக்காரர் வட்டியோடு வசூலித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கீர்த்தனை முடிந்ததும் சித்தி பையனும் நானும் மாஸ்டருக்கு நேர் எதிரே போய் நின்று, ஆளுக்கொரு எலுமிச்சம்பழ மூடியைக் கண்ணை மூடிக்கொண்டு சப்பினோம். ஊதுகிறவனுக்கு வாயில் நீர் ஊறி வாத்தியம் நின்றுவிடும் என்பது ஊரில் எல்லாப் பையன்களும் அறிந்த சாஸ்திரம். மாஸ்டர் நிற்கவில்லை. அடுத்த பாட்டை எடுத்து, பல்லவி முடித்து, டிரம்பெட்டைச் சற்றே சாய்த்து, அடியில் இருந்த சின்ன மூடியைக் கட்டைவிரலால் திறந்து ஒரு ஊது ஊதினார். தண்ணீர் சித்தி பையன் காலில் விழுந்தது. அது பெரும்பாலும் மூச்சின் ஈரம் குளிர்ந்து சேர்ந்த தண்ணீர்தானாம். அன்றைக்கு அவன் மூன்று முறை காலைக் கழுவினான்.

அந்த அடுத்த பாட்டில்தான் வினை. ‘மந்திரிகுமாரி’ படத்தில், 1950இல் வந்தது, கணவன் மனைவியைக் கொஞ்சிக் கொஞ்சி மலையுச்சிக்கு அழைத்துக்கொண்டு போவானே, அந்தப் பாட்டு. கேட்க அமிர்தம். எதற்காக அழைத்துக்கொண்டு போகிறான் என்பது தமிழ்நாட்டில் படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும்: மேலேயிருந்து தள்ளிவிட. பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பெண் வீட்டார் காசு கொடுத்து வைத்த பேண்டு! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கியபடி போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

“என்ன மாஸ்டர், கல்யாணத்துல வாசிக்கிற பாட்டா இது? பொண்டாட்டியக் கொல்லக் கூட்டிட்டுப் போற பாட்டுய்யா!”

மாஸ்டர் டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்தார். முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

“கடைசி வரைக்கும் படம் பாத்தீங்களா ஐயா? அந்தப் பொண்ணு அவனைத்தானே தள்ளி விடுது. உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் வராதுங்க.”

சொல்லிவிட்டுச் சரணத்துக்குப் போய்விட்டார். ஒரு சுரம் உடையவில்லை. திறந்த காரில் அத்தான், பாட்டுக்குத் தலையாட்டி, கதவில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.