மருந்து அறைக்குப் பலகை உண்டு

வெம்பக்கோட்டைப் பக்கம் வந்து 'மருந்து' என்று சொல்லிப் பாருங்கள், உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே மருந்து என்றால் பட்டாசு மருந்து, வெடிக்கிற மருந்து. அதைக் கலக்க ஓர் அறை, செலுத்த ஓர் அறை. அறைச் சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கும்: எத்தனை ஆள், எத்தனை கிலோ. நாலு பேருக்கு மேல் உள்ளே இருந்தால் குற்றம். போர்மேன் என்றால் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டும். 1884ல் வெள்ளைக்காரன் போட்ட வெடிபொருள் சட்டம், 2008ல் வந்த புது விதிகள் எல்லாம் இருக்கின்றன.

விதிப்படி நடக்கிறதா என்று கேட்டால் நாங்கள் சுடுகாட்டைக் காட்டுவோம். 2021 பிப்ரவரி 12ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரி 17ல் ராமுதேவன்பட்டியில் பத்துப் பேர். ஒவ்வொரு முறையும் காரணம் 'உராய்வு'. உராய்வுக்கு இதுவரை யாரும் விலங்கு மாட்டியதில்லை.

ஆனாலும் மீறுவதற்காவது ஒரு விதி சுவரில் இருக்கிறது. இன்னொரு மருந்து இருக்கிறதே, சீட்டில் எழுதித் தருகிற மருந்து, அதைக் கொடுப்பவர் கடைசியாக எந்த வருடம் எதைப் படித்தார் என்று எழுதிவைக்க எங்கள் தாலுகாவில் ஒரு சுவரும் இல்லை.

என் அத்தை வெடி ஆபீசில் (பட்டாசு ஆலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) சரம் பின்னியவள். மாலையில் ஆபீஸ் வேன் இறக்கிவிட்ட கையோடு ஒரு நாள் 'கிறுகிறுன்னு வருதுடா' என்றாள். வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டோக்கன் கூப்பிட்டதும் விறுவிறுவென்று நடந்துபோய் முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த நொடியே ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார் டாக்டர். காற்று ஏறும்போதே 'பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?' என்று விசாரணை வேறு. அத்தைக்கு ரத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

"எவ்வளவு சார்?"

"கொஞ்சம் ஜாஸ்திதான். உப்பக் கொறைக்கச் சொல்லுங்க தம்பி."

"கொஞ்சம்னா எத்தனை சார்?"

பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டதுபோல் என்னைப் பார்த்தார். "நூத்தி எழுபதுக்கு நூறு. அதே மாத்திரையைப் போடட்டும்." வெளியே வந்ததும் அத்தை என்னைத்தான் திட்டினாள்: "டாக்டருகிட்ட எதுத்தாடா பேசுவ?"

அதே மாத்திரை என்றால் ஆறு வருடமாக அதே மாத்திரை. அட்டெனலால். ரத்தக்கொதிப்புக்கு முதலில் எழுத வேண்டிய மருந்து வரிசையிலிருந்து அந்த வகை மருந்துகளை 2006லேயே பிரிட்டன் கீழே இறக்கிவிட்டது. நெஞ்சுவலிக்காரர்களுக்கு அவை தேவைப்படலாம். (இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் நெஞ்சைப் பிடிக்கலாம்.) அத்தைக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. பக்கத்து விஜயகரிசல்குளத்தில் 2022ல் தொல்லியல் துறை குழி தோண்டத் தொடங்கிச் சங்கு வளையலும் பாசிமணியும் எடுத்தது. அவ்வளவு சிரமம் வேண்டாம். எங்கள் ஊர் மருந்துச் சீட்டு ஒன்றை மேலாகச் சுரண்டினாலே போன நூற்றாண்டின் அடுக்கு வந்துவிடும்.

ரத்தக்கொதிப்புக்கு ஒரு வழிகாட்டு முறை இருக்கிறது. அது என்ன வேதாந்தமா? ஒரே ஒரு தாள். ஐந்து நிமிடம் உட்காரவை. முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேச்சுக் கொடுக்காதே, இரண்டு முறை பார். 140க்கு 90ஐத் தாண்டி நின்றால் அம்லோடிபைன் 5 மில்லிகிராம். ஒரு மாதம் கழித்து வரச் சொல். இறங்கவில்லையா, டெல்மிசார்டன் சேர். அதற்கும் இறங்கவில்லையா, அளவைக் கூட்டு, குளோர்தாலிடோன் சேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து 2017ல் தொடங்கிய திட்டத்தின் உயிர்நாடியே இந்தப் படிக்கட்டுதான். விலை உயர்ந்த மருந்து ஒன்றுகூட இதில் இல்லை. ஒருவேளை அதுதான் இதன் குறையோ என்னவோ.

'இறங்கவில்லையா, சேர்' என்ற இடத்தில்தான் எங்கள் டாக்டர்கள் பலருக்குப் பேனா மை தீர்ந்துபோகிறது. எண் ஏறியிருப்பது தெரியும். மாத்திரையை மாற்ற மட்டும் கை வராது. கோயில் பிரசாதம் மாதிரி போனமாதம் கொடுத்ததே இந்த மாதமும்.

இன்னொரு கூட்டம் அவசரக் கூட்டம். எண் 200ஐத் தொட்டால் நிஃபெடிபின் கேப்சூலை ஊசியால் குத்தி நாக்குக்கடியில் பிழிவார்கள். பத்து நிமிடத்தில் எண் விழும், சொந்தக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அப்படித் தடாலென்று விழுந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் ஆளே விழலாம், இதை நிறுத்துங்கள் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1996ல் எழுதினார்கள். அதற்குப் பல வருடம் கழித்தும் இந்தக் காட்சியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருந்தை அவசரப்பட்டு இடித்தால் என்ன நடக்கும் என்று வெடி ஆபீசில் நேற்றுச் சேர்ந்த பையனுக்குத் தெரியும்.

சரி, டாக்டர் எப்போது படிப்பது? 2002ல் வந்த மருத்துவ நெறிமுறை விதி சொல்கிறது: ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம். அதாவது வருடத்துக்கு ஆறு மணி. இடைவேளை முறுக்கையும் சேர்த்து இரண்டு சினிமா. அதில் ரத்தக்கொதிப்புக்கு எத்தனை நிமிடம் என்று விதியில் இல்லை. மிச்ச நாளில் பாடம் நடத்துவதற்கென்றே ஒரு வாத்தியார் இருக்கிறார். தோளில் பை, கழுத்தில் டை, கையில் வழவழத் தாள். மருந்துக் கம்பெனி ரெப்பைத்தான் சொல்கிறேன். டாக்டர் சந்தேகம் கேட்காத ஒரே வகுப்பு அதுதான். கம்பெனிகள் டாக்டர்களுக்கான வகுப்பை வெளிநாட்டில் நடத்தக் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு எழுதிவைத்தது. எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன் 2023 ஆகஸ்டில், கம்பெனி காசில் நடக்கும் வகுப்புக்குப் போகாதே, மருந்தின் பொதுப்பெயரை எழுது என்று தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆகஸ்ட் முடிவதற்குள் விதி கிடப்பில். எங்கள் ஊரில் புஸ்வாணம்கூட அதைவிடக் கொஞ்ச நேரம் எரியும்.

எல்லாப் பழியையும் டாக்டர் தலையில் போடவில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது ஐந்து நிமிடம் உட்காரவைத்து அளப்பது எப்படி என்று அவர் கேட்டால் பதில் இல்லை. மாத்திரையைப் பாதியில் விடுகிற ஜனமும் உண்டு. தமக்குக் கொதிப்பு இருப்பதே தெரியாதவர்கள் அதைவிட அதிகம். ஆனால் வரிசையே இல்லாத கிளினிக்கில், காசு வாங்கிக்கொண்டு, 170ஐப் பார்த்து 'கொஞ்சம் ஜாஸ்தி' என்கிற வாய்க்கு என்ன சமாதானம்?

மாநிலக் கணக்கைக் கேளுங்கள். 2020 கணக்கெடுப்பில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. பெண் தன்னார்வலர்கள் கருவியையும் மாத்திரைப் பையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அந்த 7.3 சதவீதம் 17 ஆனது. 2024ல் ஐ.நா. விருதும் கொடுத்தது. கை தட்டுவோம். தட்டிவிட்டு யோசிப்போம். பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்துக்கே முதலிடம் என்று பல வருடம் மார்தட்டிய மாவட்டம் எங்கள் விருதுநகர். இங்கே நூற்றுக்கு 17 எடுத்த பையன் வீட்டுப் படியேற முடியுமா? 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. புது டாக்டர்கள் வருவார்கள். பழைய டாக்டரை ஒரு நாள் அதே பெஞ்சில் உட்காரவைத்து அந்த ஒற்றைத் தாளைப் படிக்கச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

அந்த 170க்குப் பிறகு எட்டாவது மாதம் அத்தை குளித்துவிட்டு வரும்போது விழுந்தாள். வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் 'விதி' என்றார்கள். வெடி ஆபீசில் போனால் உராய்வு, வீட்டில் விழுந்தால் விதி. ஆமாம், விதிதான். வாசிக்காமல் விட்ட விதி.

இப்போது வீட்டுக்கு வரும் தன்னார்வலர், அத்தையைச் சாய்ந்து உட்காரவைத்து, "பேசாம இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, சேலையை ஒதுக்கி, இரண்டு தடவை பார்க்கிறார். எண்ணை அட்டையில் எழுதுகிறார்.

அரசுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். மருந்து அறைக்குச் செய்ததை மருந்து எழுதும் அறைக்கும் செய்யுங்கள். ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் ஒரு பலகை: 'ரத்தக்கொதிப்பு வழிகாட்டு முறையைக் கடைசியாக வாசித்த ஆண்டு.' பக்கத்தில் ஓர் எண்ணுக்கு இடம். எங்கள் ஊர்ப் பெயிண்டர்களுக்கு இந்த எழுத்து புதிதில்லை, ஒரே நாளில் தாலுகா முழுக்க எழுதிவிடுவார்கள்.