டிஸ்க்குக்கு மட்டும் பொட்டு கிடையாது

எங்கள் வீட்டுக் காரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மந்திரி உண்டு. சீட் கவர் அம்மாவின் இலாகா; பிஸ்கட் தூள் விழுந்தால் விசாரணைக் கமிஷன் வரும். டேஷ்போர்டுப் பிள்ளையாரும் அவருக்கான பூவும் மனைவி பொறுப்பு. பாட்டு மகளுடையது. டயர் காற்று மாமனாருடையது. ஞாயிறுதோறும் செருப்புக் காலால் நான்கு டயரையும் ஓர் உதை உதைத்து, "கல்லு மாதிரி இருக்கு மாப்ள" என்று சான்றிதழ் கொடுப்பார். மைலேஜ் கணக்கு எனக்கு. கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்ததையெல்லாம் இப்படிப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, இலாகா இல்லாமல் மிச்சம் நின்றது ஒன்றுதான்: காரை நிறுத்துகிற பிரேக் டிஸ்க்.

ஆயுத பூஜையில் இந்த ஓரவஞ்சனை அப்பட்டமாகத் தெரியும். ஸ்டியரிங்குக்குச் சந்தனம், பானெட்டுக்குக் குங்குமம், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், டிக்கிக்குள் ஆயுள் தண்டனை அனுபவிக்கும் ஸ்டெப்னிக்குக்கூட ஒரு பொட்டு. டிஸ்க்குக்கு மட்டும் கிடையாது. பிற்பாடு மெக்கானிக்கிடம் கேட்டபோது, "வெச்சிராதீங்க சார், அதுமேல ஒண்ணுமே படக் கூடாது" என்றார். ஆக, பூஜையே ஆகாத சாமி அது.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. பெடலை மிதித்ததும் காலிப்பர் அதன் இரு பக்கமும் இரண்டு பேடுகளை வைத்து அமுக்கும். நம் ஊர்ச் சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இந்த யோசனைக்கு இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் காப்புரிமை வாங்கினார். பேடுக்கு அவர் பயன்படுத்தியது செம்பு. அது இரும்பில் உரசிய சத்தத்தில் கார் நின்றதோ இல்லையோ, தெருவே நின்றிருக்கும். 1953இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் கார் உலகம் நன்றாகத் திரும்பிப் பார்த்தது.

அந்தக் கீச்சுச் சத்தத்தை ஒழிக்கப் பாடுபட்ட பொறியாளர்களே பிறகு அதைச் சம்பளம் கொடுத்துத் திரும்ப வேலைக்கு வைத்ததுதான் வேடிக்கை. இன்று பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. பேட் தேய்ந்து முடியும் தறுவாயில் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். "என்னை மாற்று" என்று அர்த்தம். எங்கள் காரில் அந்தக் கத்தல் கேட்டபோது மகள் இளையராஜாவைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். கத்தல் அடங்கிவிட்டதாகக் குடும்பம் ஒருமனதாக முடிவு செய்தது.

கொல்லிமலையில்தான் குட்டு உடைந்தது. அறப்பளீஸ்வரரையும் ஆகாய கங்கை அருவியையும் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்குவதற்குள் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. பெடல் காலுக்கடியில் விட்டு விட்டுத் துடித்தது. உடனே காருக்குள் மருத்துவக் குழு கூடியது.

"சாமிக்கு உடைச்ச தேங்காய் அழுகலா இருந்துச்சே, அப்பவே நெனச்சேன்" என்றார் அம்மா. ரோடு சரியில்லை என்றாள் மனைவி. மகள் போனில் தேடி, எஞ்சினையே மாற்ற வேண்டிவரும் என்று அறிவித்தாள். மாமனார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எங்க அம்பாசடர்ல இந்த டிஸ்க் உதறல் எல்லாம் கிடையவே கிடையாது மாப்ள" என்றார். வாஸ்தவம். அந்தக் காலத்து அம்பாசடரில் இருந்தது டிரம் பிரேக். இல்லாத டிஸ்க் எப்படி உதறும்?

அடிவாரத்தில் காரவள்ளியில் நிறுத்தியபோது முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. மாமனார் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு அபிஷேகத்துக்குத் தயாராகிவிட்டார். டீக்கடையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் ஓடி வந்து தடுத்தார். "ஊத்தாதீங்கய்யா! காயுற இரும்புல பச்சத் தண்ணி பட்டா கோணிக்கும், வெடிச்சாலும் வெடிச்சிரும். அது பாட்டுக்கு ஆறட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏறுன கியர்லயே இறங்கணும் சார். பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கக் கூடாது" என்றார். நாமக்கல் லாரிக்காரர் சொன்னால் அது வேதவாக்கு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரும் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து 1,200 கிலோ என்று வையுங்கள். (யார் எவ்வளவு என்ற விவரத்துக்குள் போனால் குடும்பம் உடையும்.) அந்த எடை சுமார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அத்தனையையும் பிரேக்கே தடுத்தால் உண்டாகும் வெப்பத்தில் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு கல்யாண வீட்டுக்குக் காலைக் காபி போட்டு முடித்துவிடலாம். அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது முன்னால் இருக்கிற இரண்டு இரும்புத் தட்டுகள். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் கணிசமான பங்கை ஏற்றுக்கொள்கிறது. மலைப்பாதைகளில் நெடுஞ்சாலைத் துறை பலகை பலகையாக எழுதி வைத்திருப்பது இதைத்தான். நாம் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம்.

சேலத்தில் எங்கள் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கின் வெளி விளிம்பில், பேட் தொடாத இடம் மட்டும் தேயாமல் வரப்பு கட்டி நின்றது. வெர்னியரை அப்படியே வைத்தால் அது வரப்பைத்தான் அளக்கும், தேய்ந்த வயலை அளக்காது. அவர் என்னிடம் இரண்டு நாணயங்களைக் கேட்டு வாங்கினார். டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக ஒட்டிப் பிடித்து, அவற்றோடு சேர்த்து அளந்து, பிறகு நாணயங்களின் தடிமனைக் கழித்தார். 17.6 மில்லிமீட்டர். டிஸ்க்கைத் துடைத்துவிட்டு அதிலேயே வார்த்திருந்த எழுத்தைக் காட்டினார்: குறைந்தபட்சத் தடிமன் 18. புதிதில் அது 20. இத்தனை வருஷமாக இரும்பில் எழுதி வைத்துக்கொண்டு அது காத்திருந்திருக்கிறது. நாணயங்கள் இரண்டும் அவர் சட்டைப் பைக்குள் போயின. அதைக் கன்சல்டேஷன் ஃபீஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

"உதறுதுன்னா டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாதிக்கு மேல அது இல்லீங்க" என்றார். சூடேறிய டிஸ்க்கில் பேடின் பொருள் திட்டுத்திட்டாகப் படிந்துவிடும். மலை இறங்கி வந்து, பெடலை மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைத்தால், பேட் இருந்த இடத்தில் அச்சே விழுந்துவிடும். தலைமுடித் தடிமனுக்கும் குறைவான மேடு பள்ளம் போதும், கால் கண்டுபிடித்துவிடும். தடிமன் மிச்சம் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சீராகக் கடைந்துவிடலாம். எங்கள் டிஸ்க்கில் அதற்கும் வழியில்லை. "லேத்துல கேட்டா கடைஞ்சு தருவாங்க, பளபளன்னு இருக்கும். மெலிஞ்ச டிஸ்க்கு சூடு தாங்காது சார், விரிசல் விடும்."

பேரம் தொடங்கியது. "ஒரு பக்கம் மட்டும் மாத்தினா ஆகாதா?" என்றாள் மனைவி. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்; ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். பேடும் கூடவே புதுசு. பழைய டிஸ்க்கின் தடம் பதிந்த பேட், புது டிஸ்க்கில் ஒழுங்காக உட்காராது. மாமனார் ஜப்பான் சரக்கு வேண்டும் என்றார். மெக்கானிக் சிரித்தார். "ஜப்பான் எதுக்குங்க? மெட்ராஸ் பாடியில பிரேக்ஸ் இந்தியாக்காரங்க 1962லருந்து இதே வேலையாத்தான் இருக்காங்க. டூப்ளிகேட் மட்டும் வேண்டாம்." ஜோடி டிஸ்க்கின் விலை, போன தீபாவளிக்கு நாங்கள் பேரமே பேசாமல் வாங்கிய சீட் கவரைவிடக் குறைவு. அம்மா அந்தப் பேச்சு வந்தபோது வெளியே வேடிக்கை பார்த்தார்.

பழைய டிஸ்க் ஹப்போடு துருவேறிப் பாசப் பிணைப்பில் இருந்தது. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித்தான் பிரிக்க முடிந்தது. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்த்தார். அங்கே ஒரு பொடித் துரு மிச்சமிருந்தாலும் புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, முதல் நாளே உதறும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைப் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தார். சக்கரத்தை மாட்டிய பிறகு, வண்டியை எடுக்கும் முன் பெடலை மிதித்து மிதித்து இறுக்கச் சொன்னார். அதைச் செய்யாமல் கிளம்பியிருந்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொட்டிருக்கும், வண்டி எதிர்க் கடையைத் தொட்டிருக்கும்.

கடைசிச் சடங்கு பைபாசில். 60 கிலோமீட்டர் வேகத்தில் போய் 10 வரை இறக்க வேண்டும், நிறுத்தாமல் மறுபடி 60. இப்படிப் பல தடவை செய்தால்தான் பேடும் டிஸ்க்கும் பழகும். காலியான ரோட்டில், பின்னால் வண்டி இல்லாதபோது, தனியாகச் செய்ய வேண்டிய காரியம். குடும்பம் என்னைத் தனியாக விட்டால்தானே? மூன்றாவது குலுக்கலில் அம்மா, "ஏண்டா, ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்டு வாயேன்" என்றார்.

அடுத்த வாரம் மழை. விடிந்து பார்த்தால் புது டிஸ்க் முழுக்கச் செம்பழுப்புத் துரு. நான் வாசலுக்கு வருவதற்குள் மாமனார் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியோடு சக்கரத்தருகே குந்தியிருந்தார். "ஒரே ஒரு சொட்டு விட்டாப் போதும் மாப்ள, துரு ஓடிரும்." துரு ஓடுமோ என்னவோ, கார் நிற்காமல் ஓடும். நல்லவேளை, குப்பியின் மூக்கு அடைத்திருந்தது. மழைக்குப் பிறகு வருவது மேல்துரு; தெருவைத் தாண்டுவதற்குள் இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்தாலே போய்விடும். எண்ணெய் பட்டால்தான் ஆபத்து.

ஆகவே, வாசகர்களே: அடுத்த சர்வீசில் பாலிஷ் போடச் சொல்லும் அதே வாயால், டிஸ்க்கின் தடிமனை அளந்து சொல்லச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டு, மலையில் கொதித்துக் கைவிடும். கீச்சுச் சத்தம் கேட்டால் பாட்டைக் குறையுங்கள். பேரம் பேச ஆசை வந்தால் சீட் கவர் கடைக்குப் போங்கள். டிஸ்க் கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பில்லை வாங்கிக்கொண்டு வாருங்கள்.