கத்தாமல் கண்சிமிட்டும் கொம்பியூட்டர்

கேள்வி: கோயில் திருவிழாவுக்குக் கட்டின ஸ்பீக்கர் சத்தத்திலை கொம்பியூட்டர் போடுற சத்தம் ஒண்டும் கேக்குதில்லை. என்ன வழி? (சங்கரத்தை, வட்டுக்கோட்டை)

பதில்: விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், அக்ஸஸிபிலிட்டி, ஓடியோ என்று போனால், ஒலி அறிவிப்பு வரும்போது திரையை மினுங்கச் செய்யலாம். தலைப்புப் பட்டை மட்டும், திறந்திருக்கும் சாளரம், முழுத்திரை என்று மூன்று தெரிவுகள். பட்டை மினுங்குவது கண்ணில் படாது. முழுத்திரையும் மினுங்கினால் இருட்டு அறையில் இருப்பவர் மின்னல் என்று நினைத்து மழைக்குக் குடை தேடுவார். நடுவில் உள்ளதே உத்தமம்.

கேள்வி: இது ஆற்றை யோசனை?

பதில்: காது கேளாதோருக்காக விண்டோஸ் 95 இலேயே சவுண்ட்சென்ட்ரி என்ற பெயரில் வந்தது. வேர் இன்னும் பழையது. டெலிபிரிண்டரில் உண்மையான மணியே இருந்தது. ஆஸ்கி குறியீட்டின் 7 ஆம் எண் வந்தால் அது அடிக்கும். திரை வந்தபின், அதே 7 க்கு மணி அடிக்காமல் திரையைக் கணநேரம் நிறம் மாற்றிக் காட்டவும் வழி செய்தார்கள். திருவிழா சில நாளில் முடிந்துவிடும். கைதடி நவீல்ட் பாடசாலையில் படிக்கும் காது கேளாத பிள்ளைக்கு இந்த வசதி வருடம் முழுவதும் வேண்டும்.

கேள்வி: மினுங்கினது தெரியுது. ஏனெண்டு தெரியேல்லையே?

பதில்: அதுதான் இதன் பெரிய குறை. மின்னஞ்சலுக்கு ஒரு ஒலி, பிழைக்கு ஒரு ஒலி என்று காது பிரித்தறியும். மினுக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆகவே அறிவிப்புப் பெட்டியைக் கூடுதல் நேரம் நிற்க விடவேண்டும். வழக்கமாக 5 செக்கனில் மறைவதை, அக்ஸஸிபிலிட்டியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் பகுதியில் 5 நிமிடம் வரை நீட்டலாம். குசினியில் நிற்பவருக்கு அதுவும் உதவாது. ஐபோனிலும் அண்ட்ரொய்ட் 14 இலும் கமரா விளக்கு மின்னும் வசதி உண்டு. போனைக் கவிழ்த்து வைத்தால் தூரத்திலும் தெரியும்.

கேள்வி: கண்ணுக்குக் கெடுதியோ?

பதில்: ஒருமுறை மினுங்குவதால் பொதுவாகக் கெடுதியில்லை. ஒரு செக்கனுக்கு மூன்று தடவைக்கு மேல் மினுங்கினால், ஒளியால் வலிப்பு வரக்கூடியவருக்கு ஆபத்து. 1997 டிசம்பர் 16 இல் யப்பானில் போக்கிமொன் தொடரின் சிவப்பு-நீல மினுக்கங்களால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. வீட்டில் வலிப்புக்காரர் இருந்தால் முழுத்திரைத் தெரிவைத் தொடாதிருப்பது நல்லது.

கேள்வி: கரண்ட் போகேக்கை யூபிஎஸ் கீச்சிடுறதையும் மினுங்கப் பண்ணலாமோ?

பதில்: அந்தச் சத்தம் விண்டோஸ் போடுவதல்ல, யூபிஎஸ் பெட்டியே போடுவது. ஆகவே செட்டிங்ஸில் மாற்றி அதை மினுங்க வைக்க முடியாது. யூஎஸ்பி இணைப்புள்ள யூபிஎஸ் என்றால் திரையில் பற்றரிக் குறி காட்டக்கூடும். இல்லாவிட்டால் பெட்டியின் முகப்பு விளக்கு தெரியும்படி, அதை மேசைக்குக் கீழே இருந்து மேலே எடுத்து வைக்க வேண்டியதுதான்.